ஆட்டோகேட் பிடிஎஃப்பில் எல்லாக் கோடும் ஒரே தடிமனாக வருகிறது, எங்கே பார்ப்பது?

தளவரைவு

வணக்கம். ஆட்டோகேட் 2021. மாடி வீடு ஒன்றின் ஒர்க்கிங் ட்ராயிங், ஏ1 ஷீட், 1:50. சுவர், ஃபர்னிச்சர், டைமன்ஷன் எல்லாம் தனித்தனி லேயர். லேயர் மேனேஜரில் சுவருக்கு 0.50 மி.மீ., டைமன்ஷனுக்கு 0.18, ஃபர்னிச்சருக்கு 0.13 கொடுத்திருக்கிறேன். ட்ராயிங்கில் லைன்வெயிட் (கோட்டுத் தடிமன்) பட்டனை ஆன் செய்தால் சுவர் தடியாகத்தான் தெரிகிறது. லேஅவுட்டிலிருந்து (தாளில் வரும்படி அடுக்கிய பக்கம்) 'டிடபிள்யூஜி டு பிடிஎஃப்' வைத்து ப்ளாட் செய்தால் எல்லாமே ஒரே கோடு. பென் டேபிள் (எந்தக் கலர் கோடு என்ன நிறத்தில், தடிமனில் விழ வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) மோனோக்ரோம் சிடிபி. எதை மாற்ற வேண்டும்?

கோட்டுக்காரர்

தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன் பிடிஎஃப்பைச் சரியாகப் பார்க்கிறோமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஃபைல் சரியாகவே இருக்கும், பார்க்கிற விதம்தான் தப்பு.

சாதாரண மானிட்டரில் அங்குலத்துக்கு 96 பிக்சல். அதாவது ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.26 மி.மீ. 100 சதவீதத்தில் பார்த்தாலே 0.13, 0.18, 0.25 மூன்றும் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஏ1 ஷீட்டை முழுப்பக்கமும் தெரியத் திறந்தால் சுமார் 40 சதவீதத்தில் நிற்கும். அங்கே உங்கள் 0.50 கோடுகூட முக்கால் பிக்சல்தான். 400 சதவீதம் வையுங்கள். 0.13 இரண்டு பிக்சல், 0.18 இரண்டே முக்கால், 0.25 நாலுக்குச் சற்றுக் குறைவு, 0.50 ஏழரை. கண்ணுக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது அங்கேதான்.

அடுத்தது அக்ரோபேட் ரீடர். எடிட், பிரிஃபரன்சஸ், பேஜ் டிஸ்ப்ளே போனால் 'என்ஹான்ஸ் தின் லைன்ஸ்' என்று ஒன்று இருக்கும். அது மெல்லிய கோடுகளைத் திரையில் வேண்டுமென்றே தடியாக்கிக் காட்டும். டிக்கை எடுத்துவிடுங்கள். அக்ரோபேட் முழுப் பதிப்பு வைத்திருந்தால் வியூ மெனுவில் ரூலர்ஸ் அண்ட் கிரிட்ஸ் கீழே 'லைன் வெயிட்ஸ்' என்ற டிக்கையும் பாருங்கள். அது அணைந்திருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எல்லாக் கோடும் ஒரே பிக்சலில் நிற்கும். கண்ட்ரோல் 5 அழுத்தினாலே அது மாறிவிடும். கை தவறி அழுத்திவிட்டு ஆட்டோகேட்டைத் திட்டுகிறவர்கள் உண்டு.

ஆட்டோகேட் திரையில் தடியாகத் தெரிகிறது என்பதையும் சான்றாக எடுக்காதீர்கள். மாடல் ஸ்பேஸில் (வரைகிற இடம்) லைன்வெயிட் பிக்சல் கணக்கில்தான் காட்டப்படும். ஜூம் செய்தாலும் மாறாது. உண்மையான மி.மீ. அளவில் காட்டுவது லேஅவுட் மட்டும். அதுவும் சிடிபி கொடுக்கிற தடிமன் அல்ல, லேயர் தடிமன். சிடிபியையும் சேர்த்துத் திரையில் பார்க்க பேஜ் செட்டப்பில் 'டிஸ்ப்ளே ப்ளாட் ஸ்டைல்ஸ்' டிக் வேண்டும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஒரே தடிமன் என்றால் திரும்ப எழுதுங்கள்.

தளவரைவு

நன்றி சார். 'என்ஹான்ஸ் தின் லைன்ஸ்' டிக் இருந்தது, எடுத்தேன். 800 சதவீதத்தில் பார்த்தால் ஃபர்னிச்சர் மெலிந்து சரியாக வந்துவிட்டது. ஆனால் சுவரும் டைமன்ஷனும் இன்னும் ஒரே தடிமன். பேஜ் செட்டப்பில் 'ப்ளாட் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்ஸ்' டிக் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தொட முடியவில்லை. அதுதான் காரணமோ?

ஸ்ட்ரக்சர்_அக்கா

அது காரணமில்லை. கீழே 'ப்ளாட் வித் ப்ளாட் ஸ்டைல்ஸ்' டிக் ஆனால் மேலே உள்ளது தானாக டிக் ஆகி சாம்பலாகிவிடும். இயல்பான நடத்தை.

ஒன்று சொல்லுங்கள். ஃபர்னிச்சர் லேயர் என்ன கலர், சுவரும் டைமன்ஷனும் என்ன கலர்?

தளவரைவு

ஃபர்னிச்சர் 8. சுவர் 2, டைமன்ஷன் 3.

ஸ்ட்ரக்சர்_அக்கா

அப்படியானால் உங்கள் மோனோக்ரோம் சிடிபி ஆட்டோகேட்டோடு வந்தது அல்ல. யாரோ அதே பெயரில் திருத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆட்டோகேட்டோடு வருகிற மோனோக்ரோமில் 255 கலருக்கும் நிறம் கறுப்பு, லைன்வெயிட் 'யூஸ் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்'. அதாவது நிறத்தை மட்டும்தான் கறுப்பாக்கும், தடிமனை லேயரிடமே விட்டுவிடும். உங்களிடம் இருப்பதில் 1 முதல் 7 வரையாவது எண் எழுதியிருக்கும். சிடிபியில் எண் இருந்தால் லேயர் தடிமன் அடிபட்டுப் போகும். கடைசிச் சொல் சிடிபிக்குத்தான். 8ஐ யாரும் தொடாததால் ஃபர்னிச்சர் மட்டும் லேயர் சொன்னபடி வந்திருக்கிறது.

பார்க்கும் வழி: பேஜ் செட்டப்பில் சிடிபி பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பட்டனை அழுத்துங்கள். ஃபார்ம் வியூ. இடப்பக்கம் கலர் 1ஐத் தேர்ந்தெடுத்து வலப்பக்கம் லைன்வெயிட் பாருங்கள்.

தளவரைவு

அக்கா, சரியாகச் சொன்னீர்கள். 1 முதல் 7 வரை எல்லாமே 0.25 என்று இருக்கிறது!

ஸ்ட்ரக்சர்_அக்கா

அதே ஜன்னலில் கலர் 1ஐ க்ளிக் செய்து, ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு 255ஐ க்ளிக் செய்யுங்கள். மொத்தமும் தேர்வாகும். லைன்வெயிட்டில் 'யூஸ் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்', கலரில் பிளாக், ஸ்கிரீனிங் (மை அடர்த்தி சதவீதம்) 100. பிறகு 'சேவ் அஸ்', வேறு பெயரில். மோனோக்ரோம் என்ற பெயரில் மறுபடி எழுதாதீர்கள். அந்தப் பழைய ஃபைலை நம்பி ஆபீஸில் வேறு ட்ராயிங்குகள் இருக்கலாம். கிடைத்த புது சிடிபியை இந்த லேஅவுட்டின் பேஜ் செட்டப்பில் தேர்ந்தெடுத்து 'அப்ளை டு லேஅவுட்' கொடுங்கள். கொடுக்காமல் ப்ளாட் மட்டும் எடுத்தால் அடுத்த முறை பழையதே வந்து நிற்கும்.

மெக்_டிராஃப்ட்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லேயர் தடிமனை நம்புவதே வம்பு. ஒரு லேயரில் 'டிஃபால்ட்' என்று விட்டுவிட்டால் அது 0.25ல் வரும், யாருக்கும் தெரியாது. கலருக்குத் தடிமன் என்று சிடிபியில் வைத்துவிட்டால் ட்ராயிங்கைத் திறந்தவுடன் கலரைப் பார்த்தே எது தடி, எது மெல்லிசு என்று சொல்லிவிடலாம். ஏ1க்கு ஒரு சிடிபி, ஏ3க்கு ஒன்று. மாற்ற வேண்டியது ஒரே ஒரு பெயர்.

கோட்டுக்காரர்

ஒரே ஆபீஸுக்குள் உங்கள் முறை ஓடும். வெளியே போனால் நொண்டும். ஆர்க்கிடெக்ட் அனுப்பிய ட்ராயிங்கை எக்ஸ்ரெஃபாக (வெளி ஃபைலாக இணைத்து) வைக்கிறீர்கள், அவருக்கு 2 என்றால் 0.35, உங்களுக்கு 2 என்றால் 0.50. கலர் எண்ணுக்கு இவ்வளவு தடிமன் என்று பொதுவிதி எதுவும் கிடையாது. டெக்னிக்கல் பேனாக்களில் 0.18க்கு சிவப்பு, 0.35க்கு மஞ்சள், 0.50க்கு பழுப்பு, 0.70க்கு நீலம் என்று வளையம் போட்டிருப்பார்கள்; ஆட்டோகேட்டின் கலர் எண்களோ அந்த வரிசையில் இல்லை. ஒவ்வொரு ஆபீஸும் தனக்கென்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

'டிஃபால்ட்' பற்றிச் சொன்னது நியாயம். 'எல்டபிள்யூ டிஃபால்ட்' என்ற மாறியின் மதிப்பு 25. நூறில் ஒரு மி.மீ. கணக்கில் 0.25. லேயர் மேனேஜரில் லைன்வெயிட் தலைப்பை க்ளிக் செய்து வரிசைப்படுத்தினால் 'டிஃபால்ட்' எல்லாம் ஒன்றாகத் திரண்டு நிற்கும். அரை நிமிட வேலை.

இன்னொரு வித்தியாசம். லேயரில் தடிமன் நிலையான பட்டியலிலிருந்துதான் கிடைக்கும்: 0.00, 0.05, 0.09, 0.13, 0.15, 0.18, 0.20, 0.25 என்று 2.11 வரை. சிடிபியில் 'எடிட் லைன்வெயிட்ஸ்' மூலம் 0.08 போல வேண்டிய எண்ணை உண்டாக்கலாம். ஆனால் அங்கே பட்டியலில் உள்ள ஓர் எண்ணைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லாக் கலரும் சேர்ந்து மாறும். அதை மறந்து 0.25ஐ 0.22 ஆக்கிவிட்டு மற்ற கோடுகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மெக்_டிராஃப்ட்

ட்ரூ கலர் பற்றியும் சொல்லிவிடுங்கள் சார். கலர் எண் இல்லாமல் ஆர்ஜிபி கொடுத்த கோடு சிடிபிக்குக் கட்டுப்படாது. மோனோக்ரோம் போட்டாலும் கலராகவே விழும்.

கோட்டுக்காரர்

ஆமாம், முக்கியமான விஷயம். ரெவிட் போன்ற மென்பொருள்களிலிருந்து வந்த டிடபிள்யூஜியில் (ஆட்டோகேட் ட்ராயிங் ஃபைல்) இது அடிக்கடி. ஒரு கோட்டை மட்டும் சாம்பலாகவோ கலராகவோ பார்த்தால் ப்ராபர்டீஸில் கலர் மூன்று எண்களாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெக்ஸ் கலருக்கு மாற்றுங்கள், அல்லது 'செட் பை லேயர்' கமாண்டை ஓடவிட்டு எல்லாவற்றையும் பைலேயர் (லேயர் சொல்வதையே ஏற்பது) ஆக்குங்கள். அந்தக் கமாண்ட் கோடு ஒவ்வொன்றிலும் கையால் ஒட்டவைத்த லைன்வெயிட்டையும் கழற்றிவிடும். பிளாக்குக்குள்ளும் (ஒரே பொருளாகக் கட்டிய கோடுகள்) போகவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லலாம்.

எஸ்டிபி என்ற, கலரை வைத்து அல்லாமல் பெயரை வைத்து இயங்கும் ப்ளாட் ஸ்டைலில் ட்ரூ கலர் தொல்லை இல்லை. ஆனால் ஒரு ட்ராயிங் சிடிபி வகை அல்லது எஸ்டிபி வகை, இரண்டில் ஒன்றுதான். சிடிபி பட்டியலே வராமல் எஸ்டிபி மட்டும் வந்தால் ஃபைல் மறைந்துவிடவில்லை, ட்ராயிங் எஸ்டிபி வகை. 'கன்வர்ட் பிஸ்டைல்ஸ்' கமாண்ட் மாற்றித் தரும்.

தளவரைவு

புது சிடிபியில் சுவர், டைமன்ஷன் இரண்டும் பிரிந்துவிட்டது. நன்றி. அடுத்த கேள்வி: சைட்டுக்கு இதே ஷீட்டை ஏ3யில் வேண்டுமாம். ஏ3 பிடிஎஃப் எடுத்தால் படிக்கட்டும் டாய்லெட் டைல்ஸும் கறுப்புத் திட்டாக அடைந்துவிடுகிறது.

ஸ்ட்ரக்சர்_அக்கா

ஏ1 லேஅவுட்டை 1:2 என்று ஏ3யில் ப்ளாட் செய்திருப்பீர்கள். ஏ1 841 x 594, ஏ3 420 x 297; நீளமும் அகலமும் சரிபாதி. வரைபடம் பாதியாகும். கோடு பாதியாகாது, லைன்வெயிட் தாளின் மேல் விழும் மி.மீ., ஸ்கேலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. 0.50 சுவர் 0.50 ஆகவே நிற்கும், இடைவெளி மட்டும் பாதியாகும், அதனால்தான் அடைப்பு.

ப்ளாட் ஜன்னலில் ஸ்கேலுக்குக் கீழே 'ஸ்கேல் லைன்வெயிட்ஸ்' டிக் செய்யுங்கள். லேஅவுட்டில் மட்டும்தான் வரும், மாடல் டேபில் சாம்பலாக இருக்கும். டிக் செய்தால் 0.50 கோடு 0.25 ஆகும்.

மெக் தம்பி சொன்ன மாதிரி ஏ3க்குத் தனி சிடிபி வைக்கிற வழியும் சரி. ஆனால் தனி சிடிபியும் இந்த டிக்கும் ஒன்றாக வேண்டாம். எது எதைச் சுருக்கியது என்று பிறகு பிடிக்க முடியாது.

பிளாட்டர்கடை

கடைப்பக்கம் இருந்து ஒரு வார்த்தை. அந்த டிக்கைப் போட்டா 0.50 அழகா 0.25 ஆயிடும், சரி. உங்க ஃபர்னிச்சர் 0.13 என்ன ஆகும்? 0.065. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசர் மெஷின்ல ஒரு புள்ளி 0.042 மி.மீ. அப்போ 0.065ங்கறது ஒன்றரைப் புள்ளி. மெஷின் பாதிப் புள்ளி போடாது. ஒரு கோடு ஒரு புள்ளியில விழும், அடுத்த கோடு ரெண்டு புள்ளியில விழும். டைல்ஸ் மாதிரி வரிசையாப் போற கோட்டுல ஒண்ணு விட்டு ஒண்ணு தடியாத் தெரியும். கஸ்டமர் வந்து மெஷின் ரிப்பேர்னு சொல்லுவாங்க. மெஷின் சரியாத்தான் இருக்கு.

அதனால ஏ3க்கும் போகப்போற ட்ராயிங்னா ஏ1லயே மெல்லிய கோட்டை 0.18க்குக் கீழ விடாதீங்க. பாதியானா 0.09, ரெண்டு புள்ளி, நிக்கும்.

ரெண்டாவது, 0.00. லேயர்ல 0.00 போட்டா 'மெஷினால முடிஞ்ச மிக மெல்லிய கோடு'ன்னு அர்த்தம். பிடிஎஃப்ல அகலம் பூஜ்யம்னு பதிஞ்சா 600 டிபிஐ மெஷின்ல 0.042, 1200 டிபிஐ மெஷின்ல 0.021. அதே ஃபைல் ஒரு கடையில தெரியும், இன்னொரு கடையில காணாமப் போகும். ஸ்க்ரீன்ல மட்டும் எப்பவும் தெரியும், ஏன்னா ஸ்க்ரீன் ஒரு பிக்சலுக்குக் கீழ போகாது. 0.00 வேணவே வேணாம்.

மூணாவது, சாம்பல் கோடு. பழைய கட்டடத்தை மங்கலாக் காட்டணும்னு ஸ்கிரீனிங் 50 போட்டு 0.13ல அனுப்புறீங்க. லேசர் மெஷின்ல சாம்பல் மை கிடையாது, கறுப்புப் புள்ளிதான். அங்குலத்துக்கு 100 வரித் திரைன்னா ஒரு புள்ளிக்கட்டமே 0.25 மி.மீ. உங்க கோடு அதுல பாதி. அப்புறம் கோடு எப்படி முழுசா வரும், விட்டு விட்டுத்தான் வரும், டாட் லைன் மாதிரி. சாம்பல் வேணும்னா கோடு 0.25க்குக் குறையாம வைங்க. இல்லாட்டி ஸ்கிரீனிங் 100 வச்சு 0.13 முழுக் கறுப்புல விடுங்க. மெல்லிசா இருக்கறதே மங்கலாத் தெரியும்.

கடைசியா, பென் டிரைவ் குடுக்கும்போது 'ஆக்சுவல் சைஸ்'னு வாயால சொல்லுங்க. 'ஃபிட்' போட்டா ஸ்கேலும் போச்சு, கோட்டுத் தடிமனும் போச்சு.

யாழ்_வரைஞர்

பிளாட்டர்கடை அண்ணை சொன்ன புள்ளிக் கணக்கு பிடிஎஃப் எழுதுகிற இடத்திலும் இருக்கிறது. பிடிஎஃப் டிரைவரின் 'பிடிஎஃப் ஆப்ஷன்ஸ்' திறந்தால் வெக்டர் குவாலிட்டி என்று டிபிஐ எண் வரும். 400 என்றால் ஒரு படி 0.0635 மி.மீ. கோடுகளின் முனைகள் அந்தக் கட்டத்துக்குத்தான் போய் ஒட்டும். நெருக்கமான ஹாட்சும் (நிரப்புக் கோடுகள்) சிறிய வளைவும் கோணலாக வருவது இதனால்தான். 1200 வைத்தால் படி 0.021, ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவே. 2016 பதிப்பிலிருந்து 'ஹை குவாலிட்டி பிரிண்ட்', 'ஸ்மாலஸ்ட் ஃபைல்' என்று தனித்தனி பிடிஎஃப் டிரைவர்கள் சேர்ந்தே வருகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பத்தானே என்று 'ஸ்மாலஸ்ட் ஃபைல்' எடுத்து அதையே பிரிண்டுக்கும் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

தளவரைவு

அண்ணா, மெல்லிய கோட்டை 0.18 ஆக்கிவிடுகிறேன். அப்படியானால் மொத்தமாக ஒரு தடிமன் வரிசை சொல்லுங்களேன்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

கோட்டுக்காரர்

ஐஎஸ்ஓ 128ன் வரிசை: 0.13, 0.18, 0.25, 0.35, 0.50, 0.70, 1.00, 1.40, 2.00. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 1.414 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ வரிசைத் தாளும் அதே விகிதத்தில்தான் பெருகுகிறது. ஏ1ஐ ஏ2 ஆக்கினால் 0.50 கோடு 0.35 ஆகும், 0.35 கோடு 0.25 ஆகும், ஒவ்வொன்றும் வரிசையில் ஒரு படி கீழே இறங்கி நிற்கும். ஏ3க்கு இரண்டு படி. பேனாவால் வரைந்து சுருக்கி நகலெடுத்த காலத்தில் திருத்தம் செய்யும்போது கையில் இருக்கும் பேனாவே பொருந்த வேண்டும் என்று செய்த ஏற்பாடு. ஸ்கேல் லைன்வெயிட்ஸ் டிக்குக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

எத்தனை தடிமன் வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கான இந்தியத் தரநிலைக் கையேடான எஸ்பி 46 தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் விகிதம் 2:1க்குக் குறையக் கூடாது என்கிறது. மெக்கானிக்கலுக்கு இரண்டு தடிமன் போதும்: 0.50, 0.25. கட்டட வரைபடத்துக்கு மூன்று அல்லது நான்கு. ஏழெட்டுத் தடிமன் வைத்தால் பக்கத்துப் பக்கத்து அளவுகள் கண்ணுக்குப் பிரியாது. 0.25க்கும் 0.30க்கும் உள்ள வித்தியாசம் 600 டிபிஐயில் ஒரே ஒரு புள்ளி.

உங்கள் 1:50 ஷீட்டுக்கு நான் வைப்பது: வெட்டுப்பட்ட சுவரும் தூணும் 0.50, வெட்டுப்படாமல் கண்ணுக்குத் தெரியும் படி, ஜன்னல் சில், கவுண்டர் விளிம்பு 0.25, டைமன்ஷன், ஹாட்ச், ஃபர்னிச்சர், டைல்ஸ் 0.18, செக்‌ஷன் வெட்டுக் குறி, ஷீட் பார்டர் 0.70. 1:20 டீட்டெய்ல் என்றால் வெட்டுக்கோட்டை 0.70க்கு ஏற்றலாம். 1:200 சைட் பிளானில் 0.35க்கு இறக்குங்கள், 230 மி.மீ. சுவர் அந்த ஸ்கேலில் 1.15 மி.மீ.தான், இருபுறமும் 0.50 போட்டால் நடுவில் 0.65 வெள்ளைதான் மிஞ்சும்.

ஸ்ட்ரக்சர்_அக்கா

எழுத்தை விட்டுவிட்டீர்களே சார். எஸ்எச்எக்ஸ் எழுத்துரு என்றால் எழுத்தும் கோடுதான், லைன்வெயிட் அதற்கும் உண்டு. ஐஎஸ்ஓ 3098 பி வகை எழுத்தில் கோட்டுத் தடிமன் உயரத்தில் பத்தில் ஒன்று: 2.5 உயரத்துக்கு 0.25, 3.5க்கு 0.35, 5க்கு 0.50. 2.5 எழுத்தை 0.50 லேயரில் போட்டால் 8க்கும் 6க்கும் வித்தியாசம் தெரியாது. கம்பி அட்டவணையில் 8 மி.மீ. கம்பியும் 6 மி.மீ. கம்பியும் குழம்பினால் சைட்டில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏரியல் மாதிரி ட்ரூடைப் எழுத்துக்கு லைன்வெயிட் பிடிக்காது. அதை மெலிய வைக்க வேறு எழுத்துருதான் வழி.

மெக்_டிராஃப்ட்

விட்டுப்போன சில:

பாலிலைன் அகலம். 'குளோபல் விட்த்' பூஜ்யம் இல்லையென்றால் லேயர் என்ன சொன்னாலும் கேட்காது. அது ட்ராயிங் யூனிட். 1:50ல் 25 அகலம் தாளில் 0.50 ஆகும், 1:100ல் 0.25. ஒரே பிளாக் இரண்டு வியூபோர்ட்டில் (லேஅவுட்டில் வரைபடத்தைக் காட்டும் சட்டம்) இரண்டு தடிமனில் வந்தால் இதுதான். பிஎடிட், மல்டிபிள், விட்த், 0.

ஹிட்டன் லைன். சிடிபியில் 'லைன் எண்ட் ஸ்டைல்' தொடாவிட்டால் முனை உருண்டையாக முடியும். ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் பாதிப் பேனா அகலம் வெளியே நீளும், ஆக ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு பேனா அகலம் காணாமல் போகும். மெட்ரிக் ட்ராயிங்கில் 'ஹிட்டன்2' இடைவெளி 1.59. 0.50 பேனாவில் 1.09 மிஞ்சும், பரவாயில்லை. அதையே ஏ3க்குப் பாதியாக்கி லைன்வெயிட்டைப் பாதியாக்காவிட்டால் இடைவெளி 0.79, அதில் 0.50 போக 0.29. தூரத்திலிருந்து பார்த்தால் முழுக்கோடு. எண்ட் ஸ்டைலை 'பட்' ஆக்கினால் முனை வெட்டியபடி நிற்கும், இடைவெளி அப்படியே கிடைக்கும். ஜாயினை 'மைட்டர்' ஆக்கினால் சுவர் மூலையும் கூராக வரும்.

யாழ்_வரைஞர்

'பட்' வைத்தால் தனித்தனி லைனாக வரைந்த சுவரின் மூலையில் சிறு சதுரப் பள்ளம் விழும், மெக் தம்பி. இரண்டு லைன் சந்திக்கும் இடத்தில் ஜாயின் என்று ஒன்று கிடையாது, அது பாலிலைனுக்குள் மட்டும். 0.50ல் கண்ணுக்குத் தெரியாது, 1.00 பார்டரில் அப்பட்டமாகத் தெரியும்.

மெக்_டிராஃப்ட்

சரி அண்ணா. அப்படியானால் 'பட்' ஹிட்டன் லைன் கலருக்கு மட்டும், சுவர் கலருக்கு 'ஸ்கொயர்'.

தளவரைவு

புதுச் சிக்கல். கிரவுண்ட் ஃப்ளோர் வியூபோர்ட் சரியாக வருகிறது. அதே ஷீட்டில் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் வியூபோர்ட்டில் சுவர் மெலிந்து வருகிறது. இரண்டும் ஒரே லேயர்.

ஸ்ட்ரக்சர்_அக்கா

அந்த வியூபோர்ட்டுக்குள் டபுள் க்ளிக் செய்து போய் லேயர் மேனேஜரைத் திறங்கள். வலப்பக்கம் 'விபி லைன்வெயிட்', 'விபி கலர்' என்று தனி நெடுவரிசைகள். சுவர் லேயர் வரி வேறு நிறப் பின்னணியில் இருந்தால் அந்த வியூபோர்ட்டுக்கு மட்டும் ஓவர்ரைட் இருக்கிறது. ரைட் க்ளிக், 'ரிமூவ் வியூபோர்ட் ஓவர்ரைட்ஸ்'. விபி கலர் மாறியிருந்தாலும் சிடிபி அந்தக் கலரைத்தான் பார்க்கும், அதனால் தடிமன் மாறலாம்.

அது இல்லை என்றால் வியூபோர்ட்டைத் தேர்ந்தெடுத்து ப்ராபர்டீஸில் 'ஷேட் ப்ளாட்' பாருங்கள். விஷுவல் ஸ்டைல் ஷேடட், ரியலிஸ்டிக் என்று இருந்தால் அந்த வியூபோர்ட் கோடாகப் போகாது, படமாகப் போகும். பிடிஎஃப்பில் 1600 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பு படிப்படியாக உடைந்து தெரியும். 2டி ஒயர்ஃப்ரேம் ஆக்குங்கள். 'ப்ளாட் டிரான்ஸ்பரன்சி' டிக் போட்டாலும் இதே மாதிரி சில இடங்கள் படமாகப் போகலாம். ஒளி ஊடுருவும் ஹாட்ச் இல்லாத ஷீட்டில் அந்த டிக் தேவையே இல்லை.

தளவரைவு

விபி கலர்தான் அக்கா. யாரோ ஃபர்ஸ்ட் ஃப்ளோர் சுவரை 8 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் புது சிடிபியில் 8க்கும் லேயர் தடிமன்தானே வர வேண்டும்?

ஸ்ட்ரக்சர்_அக்கா

அப்படியானால் விபி லைன்வெயிட்டும் மாறியிருக்கும், பக்கத்து நெடுவரிசையைப் பாருங்கள்.

தளவரைவு

ஆமாம், 0.13. இரண்டையும் நீக்கிவிட்டேன், சரியாகிவிட்டது. பிடிஎஃப்பில் உண்மையிலேயே 0.50தானா என்று அளந்து பார்க்க வழி உண்டா? கண்ணை நம்ப முடியவில்லை.

கோட்டுக்காரர்

இரண்டு வழி. ஆட்டோகேட் 2017 முதல் 'பிடிஎஃப் இம்போர்ட்' இருக்கிறது. வெற்று ட்ராயிங்கில் அந்த பிடிஎஃப்பை இறக்குங்கள், 'அப்ளை லைன்வெயிட் ப்ராபர்டீஸ்' டிக்கோடு. கோட்டைத் தேர்ந்தெடுத்தால் ப்ராபர்டீஸில் தடிமன் தெரியும். அல்லது இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப்பைத் திறந்து குரூப்பை உடைத்துக் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரோக் அகலம் மி.மீ.யில் வரும். பாயிண்ட் கணக்கில் காட்டினால் 0.25 மி.மீ. என்பது 0.71 பாயிண்ட், 0.35 என்பது 0.99, 0.50 என்பது 1.42.

பிரிண்டுக்கு வேறு ஏற்பாடு. ஷீட் ஓரத்தில், வெட்டிவிடும் பார்டருக்கு வெளியே, 50 மி.மீ. நீளத்தில் 0.13 முதல் 1.00 வரை ஏழு கோடுகளை ஐந்து மி.மீ. இடைவெளியில் போட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவை எழுதி வையுங்கள். கோட்டு நீளம் 50 இல்லாமல் வந்தால் கடையில் 'ஃபிட்' போட்டுவிட்டார்கள். நீளம் சரி, 0.13 உடைகிறது என்றால் மெஷினின் எல்லை. எல்லாமே ஒரே தடிமன் என்றால் சிடிபி. பத்து ரூபாய் ஏ4 பிரிண்டிலேயே இதை முடித்துவிடலாம், ஏ1 ரோலை வீணாக்க வேண்டாம்.

பிளாட்டர்கடை

அந்தப் பட்டை இருந்தா எங்களுக்கும் நிம்மதி.

தளவரைவு

கடைசியாக ஒன்று. மொத்தம் 22 ஷீட். ஒவ்வொரு லேஅவுட்டிலும் பேஜ் செட்டப் மாற்ற வேண்டுமா? பிறகு கன்சல்டன்ட்டுக்கு டிடபிள்யூஜியும் அனுப்ப வேண்டும்.

ஸ்ட்ரக்சர்_அக்கா

வேண்டாம். சரியான லேஅவுட்டில் பேஜ் செட்டப் மேனேஜர் திறந்து 'நியூ' கொடுத்து இரண்டு பெயரில் சேமியுங்கள்: ஏ1 முழு அளவு, ஏ3 பாதி அளவு. ஏ3யில் ஸ்கேல் 1:2, ஸ்கேல் லைன்வெயிட்ஸ் டிக். சேமித்த ட்ராயிங்கிலிருந்து மற்ற ஃபைல்களுக்குள் 'பிசெட்டப்இன்' கமாண்டால் இழுத்துக்கொள்ளலாம். பிறகு 'பப்ளிஷ்' ஜன்னலில் 22 ஷீட்டையும் தேர்ந்தெடுத்து பேஜ் செட்டப் நெடுவரிசையில் ஏ1 பெயரைக் கொடுத்தால் ஒரே பிடிஎஃப்பாக வரும்; ஏ3க்கு அந்த நெடுவரிசையை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

கன்சல்டன்ட்டுக்கு டிடபிள்யூஜியை மட்டும் மெயில் செய்தால் சிடிபி கூடவே போகாது, அது தனி ஃபைல். உங்கள் சிடிபி தடிமனைத் தொடாத வகை என்பதால் அவரிடம் அது இல்லாவிட்டாலும் லேயர் தடிமன் அப்படியே வரும். நிறம் மட்டும் கலராக விழும். 'ஈட்ரான்ஸ்மிட்' கமாண்டில் அனுப்பினால் எக்ஸ்ரெஃப், எழுத்துரு, சிடிபி மூன்றையும் ஒரே ஜிப்பில் கட்டித் தரும். அவர் அந்த சிடிபியை 'ஸ்டைல்ஸ் மேனேஜர்' கமாண்ட் திறக்கிற ஃபோல்டரில் போட வேண்டும், ட்ராயிங் பக்கத்தில் கிடந்தால் பட்டியலில் வராமல் போகலாம்.

மெக்_டிராஃப்ட்

எக்ஸ்ரெஃப் லேயர்களின் தடிமனை ஹோஸ்ட் ட்ராயிங்கில் மாற்றியிருந்தால் 'விஸ்ரிட்டெய்ன்' 1ல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். 0 என்றால் அவர் திறந்ததும் எக்ஸ்ரெஃப்பின் பழைய தடிமனே திரும்ப ஏறிக்கொள்ளும்.

தளவரைவு

1ல்தான் இருக்கிறது. 22 ஷீட்டும் பப்ளிஷ் ஆகிவிட்டது, ஏ4 பட்டையில் 0.18 உடையாமல் வந்தது. எல்லோருக்கும் நன்றி.